பட்டறைப் பக்கம் – 17: கிட் போட்ட பிறகும் ஏன் ஒழுகுகிறது?

லாரியின் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி, புது கிட் போட்டு மூட்டியதுவரை சென்ற வாரம் பார்த்தோம். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. ஐடிலிங்கும் ஒரே சீராக நின்றது. ஆனால் நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு நிறுத்தி பானட்டுக்குள் எட்டிப் பார்த்தால், கார்பரேட்டரின் வயிற்றைச் சுற்றி ஈரம். அடியில் மேனிஃபோல்டின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய பெட்ரோல் வண்டியைத் தூக்கி நிறுத்த நினைக்கும் எவரும் இந்த இடத்துக்கு வந்தே தீருவார்கள். எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று, இன்னும் என்ன ஒழுகல் என்று நொந்துபோய், மறுபடி அதே கிட்டை வரவழைத்து மறுபடி அதே வேலையைச் செய்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் முழுக்க அந்தச் சொட்டைப் பற்றித்தான்.

தொடரைப் புதிதாகப் படிப்பவர்களுக்காக வண்டியைப் பற்றி நாலு வார்த்தை. 1951 மாடல் செவர்லே லாரி, மூன்றரை லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். நாமக்கல் பக்கத்தில் ஓர் அரிசி ஆலைக் குடும்பத்தின் சொத்து. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-லேயே பம்பாய் செவ்ரியில் ஆலை வைத்து, பாகங்களாக வந்தவற்றை இங்கே பூட்டி விற்றது. 1954-ல் அந்த ஆலை மூடப்பட்டது. அதே 1954-ல் டாடா-மெர்சிடஸ் பென்ஸ் டீசல் லாரிகள் ஜாம்ஷெட்பூரிலிருந்து வரத் தொடங்கின. அதன் பிறகு பெட்ரோல் லாரியைக் கட்டி மேய்க்க யாருக்கும் மனம் வரவில்லை. தப்பித்து நிற்கும் சில வண்டிகளில் இது ஒன்று. இதில் இருப்பது ராச்செஸ்டர் பி வகைக் கார்பரேட்டர். ஒற்றைத் தொண்டை, அதைச் சுற்றி வட்டமாக ஃப்ளோட் சேம்பர், மேலே துத்தநாகக் கலவையில் வார்த்த மூடி. ஃப்ளோட்டும் நீடிலும் அந்த மூடியிலிருந்துதான் தொங்குகின்றன.

சொட்டு சின்னதுதானே என்று விடுகிற வண்டி இது இல்லை. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். குளிர்நாட்டில் கலவை உறையாமல் இருக்க, கார்பரேட்டர் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே சுடு புகையை விட்டு வெப்பமூட்டியிருக்கிறார்கள். ஒழுகும் பெட்ரோல் நேராக அந்தச் சூட்டில்தான் விழுகிறது, விழுந்ததும் ஆவியாகிறது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, எஞ்சினைச் சுற்றித் தங்கும், குழி வெட்டிய பட்டறையாக இருந்தால் குழிக்குள் இறங்கும். டைனமோவின் கார்பன் பிரஷ்ஷில் வரும் பொறியோ, டைமிங் பிசகி கார்பரேட்டர் வழியாக ஒரு முறை வெடிப்பதோ போதும். ஆகவே முதல் வேலை பேட்டரி டெர்மினலைக் கழற்றுவது. எஞ்சின் முழுக்க ஆறும்வரை காத்திருப்பது அடுத்தது. உலர்பொடி தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும், வாளியில் மணலும் இருக்கட்டும். தண்ணீர் வேண்டாம், பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும். பட்டறைகளில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

ஒழுகல் என்றதும் கை ஸ்பானருக்குப் போகும். அதற்கு முன் கேட்க வேண்டியது, எப்போது ஒழுகுகிறது என்பதை. எஞ்சின் ஓடும்போதா, நிறுத்திய உடனா, நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்தா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டுமா? ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தைக் காட்டும். மிதிக்கும்போது மட்டும் என்றால் ஆக்சிலரேட்டர் பம்ப்பின் பக்கம். நிறுத்திச் சற்று நேரம் கழித்து, அதுவும் வெயில் நாளில் மட்டும் என்றால், எஞ்சின் சூட்டில் சேம்பருக்குள் பெட்ரோல் கொதித்துப் பொங்கித் தொண்டைக்குள் வழிகிறது என்று பொருள். அது ஒழுகலே அல்ல, சூடு ஏறுவதைத் தடுக்கும் தடித்த அடிப் பேக்கிங் இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய வேலை. ஓடும்போதே ஒழுகி, நிறுத்திய பின்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்தால், சேம்பரில் மட்டம் ஏறுகிறது. எங்கள் லாரியில் நடந்தது இந்தக் கடைசி வகை.

இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. கார்பரேட்டரின் வெளிப்புறத்தைத் துணியால் துடைத்து முழுக்க உலரவிட்டு, சாக்பீஸ் தூளையோ முகப்பவுடரையோ மெல்லத் தூவிவிட்டு, எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட வேண்டும். வெள்ளை எங்கே முதலில் கருக்கிறதோ அங்கேதான் கசிவு தொடங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் சொட்டு பெரும்பாலும் பொய் சொல்லும். பெட்ரோல் வார்ப்பின் விளிம்பைப் பிடித்து ஓடி, தாழ்ந்த இடத்தில் சேர்ந்துதான் சொட்டுகிறது. த்ராட்டில் தண்டின் முனையில் சொட்டைப் பார்த்துவிட்டு அந்தத் தண்டுக்குப் புஷ் அடிக்க லேத்துப் பட்டறைக்கு ஓடியவர்கள் உண்டு. எங்களுடன் இருந்த மூத்த மெக்கானிக் இதை ஒரே வரியில் சொன்னார். "எங்க ஈரமோ அங்க ஒழுகறதில்லீங்க தம்பி, அதுக்கு மேல பாருங்க."

மேலே பார்த்தோம். பெட்ரோல் குழாய் நுழையும் நட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அந்த நட்டைப் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. குழாயின் விரித்த வாய்தான் அங்கே அடைப்பு, மரை அல்ல. ஆகவே டெஃப்ளான் டேப் சுற்றுவதால் ஒரு பயனும் இல்லை. பிய்ந்த துணுக்கு உள்ளே போய் நீடிலில் சிக்கினால் புதிய ஒழுகல் கிடைக்கும். துத்தநாக வார்ப்பில் மரை மிக மென்மையானது. நட்டை விரலால் நாலு சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

பவுடர் கருத்தது மூடியும் சேம்பரும் சேரும் இடத்தில், ஒரு ஸ்க்ரூவுக்கும் அடுத்ததற்கும் நடுவில். பேக்கிங் சரியில்லை என்று அடித்துச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் சேம்பரில் பெட்ரோல் மட்டம் சரியாக இருந்தால் அது பேக்கிங்கை எட்டவே எட்டாது, மூடிக்கு வெகு கீழே நிற்கும். மேடு பள்ளத்தில் தளும்பும்போது மட்டும் லேசாக நனைக்கும். நின்ற வண்டியில், பேக்கிங் வழியாக, விடாமல் கசிகிறது என்றால் இரண்டு குறைகள் கைகோத்திருக்கின்றன. மட்டம் ஏன் ஏறியது என்பது ஒன்று, மூடி ஏன் அடைக்கவில்லை என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் சரிசெய்தால் ஒழுகல் குறையும், நிற்காது. 'கொஞ்சம் பரவாயில்லை' என்று நாம் திருப்திப்பட்டுக்கொள்வது இந்த இடத்தில்தான்.

மட்டத்தை ஆள்வது ஃப்ளோட். மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து எழும்பிக் குழாயை அடைக்கிறதே, அதே வேலைதான். பெட்ரோல் ஏற ஃப்ளோட் எழும்பி, அதன் நாக்கு நீடிலைச் சீட்டில் அழுத்தி வரத்தை நிறுத்துகிறது. நிற்காமல் போகக் காரணங்கள் நாலைந்துதான். முதலில், எஞ்சின் ஓடும்போது ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் சேம்பரின் பக்கத்தில் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டியதும் நின்றால் நீடிலில் தூசோ துருவோ சிக்கியிருந்தது என்று பொருள். எங்களுக்கு நிற்கவில்லை. அடுத்து, பெட்ரோலைத் தள்ளும் ஏ.சி. பம்ப்பின் அழுத்தம். இந்த எஞ்சினுக்கு மூன்றரையிலிருந்து நாலரை பவுண்டு போதும். எங்கள் கேஜ் நாலு பவுண்டைத் தாண்டவில்லை. பழைய பம்ப்பைத் தூக்கிவிட்டு ஏழெட்டு பவுண்டு தள்ளும் எலக்ட்ரிக் பம்ப்பைப் பூட்டியிருப்பவர்கள் மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் இதைப் பார்க்க வேண்டும். அந்த அழுத்தத்தை இந்தப் பித்தளை ஃப்ளோட்டால் தாங்கி நிற்க முடியாது.

மூடியைக் கழற்றினோம். சீட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் உண்டு. கிட் போடும் அவசரத்தில் இதை விட்டுவிட்டால், நீடில் எவ்வளவு நன்றாக அடைத்தாலும் பெட்ரோல் சீட்டின் மரையைச் சுற்றிக்கொண்டு உள்ளே இறங்கும். எங்களுடையதில் வாஷர் இருந்தது, சீட்டும் இறுக்கமாகத்தான் இருந்தது. நீடிலின் முனையில் வளையக் கோடு ஒன்றும் விழவில்லை. புதிதுதானே.

கிட்டில் வராதது ஃப்ளோட். எழுபது வருஷத்துக்கும் மேலான அதே பித்தளை ஃப்ளோட், இரட்டைக் குமிழ், நடுவில் ஈயம் வைத்துப் பற்றிய தையல். கழுவியபோது பளபளவென்று வந்ததால் அப்படியே திரும்ப மாட்டியிருந்தது. காதருகில் வைத்து ஆட்டினால் ஒரு குமிழுக்குள் மிக மெல்லிய சளக் சத்தம். அடுப்பிலிருந்து தள்ளி எடுத்து வந்த வெந்நீரில் அமுக்கியதும், தையலின் ஓரத்திலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக ஏறின. பழுது இதுதான். ஓட்டை வழியாகப் பெட்ரோல் உள்ளே போய் ஃப்ளோட் கனத்திருக்கிறது. கனத்த ஃப்ளோட் தாழ்ந்து மிதக்கும். நீடிலை அடைக்கும் உயரத்துக்கு அது வருவதற்குள் மட்டம் பேக்கிங்கைத் தொட்டுவிடும்.

ஈயம் வைத்து அடைக்கலாம். ஆனால் உள்ளே ஒரு சொட்டுப் பெட்ரோல் இருக்கும்போது சூடு காட்டினால் அது வெடிகுண்டு. ஓட்டை கீழே இருக்கும்படி பிடித்து, திரும்பத் திரும்ப வெந்நீரில் வைத்து, உள்ளே உள்ளதெல்லாம் ஆவியாகி வெளியேறிய பிறகு, சத்தமும் வாசனையும் அடியோடு போன பிறகு, சால்டரிங் அயர்னால் மட்டுமே தொட வேண்டும். நெருப்பு கிட்டவே வரக் கூடாது. ஈயமும் துளிதான் வேண்டும். அழகுக்காக மொத்தையாக வைத்தால் அந்த எடையே ஃப்ளோட்டை மறுபடி தாழ்த்தும். இந்தக் கைப்பழக்கம் இல்லாதவர்கள் புது ஃப்ளோட் வாங்கிவிடுவதே நல்லது. இந்த வகைக்கு இன்றும் கிடைக்கிறது.

ஃப்ளோட் மட்டத்தை வைக்கும்போது ஒரு விஷயம். புது சீட்டின் உயரமும் வாஷரின் தடிமனும் பழையதுபோலவே இருக்கும் என்று நம்பக் கூடாது. மயிரிழை வித்தியாசமும் ஃப்ளோட்டின் முனையில் பெரிதாகிவிடும். கையேட்டில் சொன்ன அளவை வைத்து மறுபடி அளக்க வேண்டும். அளவு தப்பினால் நாக்கை வளைக்க வேண்டும், ஆனால் ஃப்ளோட்டை அமுக்கி நீடிலைச் சீட்டில் நெரித்தபடி வளைத்தால் புது நீடிலின் முனை அங்கேயே கெட்டுவிடும்.

இனி மூடி. எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். ஸ்டீல் ஸ்கேலை மூடியின் அடிப்பக்கத்தில் நெட்டுக்குத்தாக வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஸ்கேலுக்குக் கீழே வெள்ளைக்கோடு தெரிந்தது. ஸ்க்ரூ ஏறும் காதுகள் கீழ்நோக்கி வளைந்து, நடுப்பகுதி மேலே தூக்கிக்கொண்டிருந்தது. ஃபீலர் கேஜில் 0.40 மி.மீ. தகடு தடையில்லாமல் நுழைந்தது. 0.10 கூட நுழையக் கூடாத இடம் அது. இந்தக் கார்பரேட்டரின் மூடிக்கு இது பரம்பரை வியாதி. வருஷக்கணக்காகச் சூடேறி ஆறிய துத்தநாக வார்ப்பில், ஒழுகுகிறதே என்று ஒவ்வொரு கையும் ஸ்க்ரூவை இன்னொரு கால் சுற்று இறுக்க, காதுகள் வளைகின்றன. காது வளைய வளைய நடுவில் இடைவெளி கூடுகிறது. இறுக்க இறுக்க ஒழுகல் அதிகமாவது அதனால்தான்.

விளிம்பிலும் ஒரு கதை இருந்தது. நம் பட்டறைகளில் பேக்கிங் தாளை வார்ப்பின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரத்தில் தட்டித் தட்டி அளவாக வெட்டிவிடுவார்கள். கைதேர்ந்த வேலை, பார்க்கவே அழகாக இருக்கும். இரும்பு வார்ப்பில் ஒன்றும் ஆகாது. துத்தநாகத்தில் ஒவ்வொரு தட்டும் விளிம்பை மழுக்கும். எங்கள் சேம்பரின் உள்விளிம்பு ஒரு பக்கம் உருண்டே போயிருந்தது. பேக்கிங்கை அச்சாக வரைந்து கத்தரியால் வெட்டுவதற்கு இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாக ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படி வளைந்த மூடியோடு இந்த லாரி இத்தனை காலம் எப்படி ஒழுகாமல் ஓடியது? பழைய பேக்கிங்கின் இரு பக்கமும் பழுப்பாக, கண்ணாடிபோல் ஒட்டியிருந்த பூச்சுதான் பதில். செல்லாக். பழைய மெக்கானிக்குகள் எதற்கும் செல்லாக் தடவுவார்கள், பெட்ரோலில் அது கரையாது. 0.40 மி.மீ. இடைவெளியை அதுதான் இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது. ஆனால் செல்லாக் என்பது அரக்கு. ஸ்பிரிட்டில், அதாவது ஆல்கஹாலில், கரைத்துத்தான் அதைத் தயாரிக்கிறார்கள். தச்சர்கள் மேசைக்குப் பாலிஷ் போடுவதும் அப்படித்தான். 2025-ல் நாட்டின் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. எத்தனாலும் ஆல்கஹால்தான். சென்ற வாரம் புதுப் பேக்கிங்குக்குத் தடவிய செல்லாக், ஈரம் பட்ட இடத்தில் விரலில் பசையாக ஒட்டிக்கொண்டு வந்தது. கசிவோடு முடியும் சங்கதி அல்ல இது. கரைந்த அரக்கு ஜெட்டுக்கும் நீடிலுக்கும் போய் அங்கே பிசினாக உறையும். ஃப்ளோட்டைத் தக்கையில் செய்து செல்லாக் பூசிய இன்னும் பழைய வண்டிகளில் பூச்சு கரைந்து தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கிவிடும். பழைய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்கள் செல்லாக்கைக் கார்பரேட்டர் பக்கம் கொண்டுவருவதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

சமப்படுத்தும் வேலை நிதானமானது. அடிப்பக்கம் வழவழவென்று இருக்கும் மூடியாக இருந்தால் தடித்த கண்ணாடியில் வாட்டர் பேப்பர் விரித்து எட்டுப் போட்டு உரசலாம். ஃப்ளோட்டைத் தாங்கும் பாகங்கள் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மூடியில் அது நடக்காது. தட்டையான இரும்புப் பட்டையில் வாட்டர் பேப்பரை ஒட்டி, மூடியின் மேல் நீல மையை மெல்லத் தடவி, மை அழியும் மேடுகளை மட்டும் உரச வேண்டும். மேடுகள் எல்லாம் ஸ்க்ரூ காதுகளைச் சுற்றித்தான். ஒரு பக்கம் நாலு இழுப்பு, துடைத்துவிட்டு மறுபடி மை, மறுபடி ஸ்கேல். சூடு காட்டி நெருக்கி நிமிர்த்துகிறவர்களும் இருக்கிறார்கள். நிமிர்வதுண்டு, விரிசல் விடுவதும் உண்டு. மாற்று மூடி கையில் இல்லாதபோது அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்பது என் கருத்து. மூடியைத் தேய்த்த பிறகு ஃப்ளோட் மட்டத்தை இன்னொரு முறை அளந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அளவே அந்த முகத்திலிருந்துதான் தொடங்குகிறது.

எத்தனாலைத் தாங்கும் புதுப் பேக்கிங்கை எந்தப் பூச்சும் இல்லாமல் உலர்வாக வைத்தோம். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, எல்லாம் ஒரே அளவில், கை உணரும் தடை வந்ததும் நிறுத்தி இறுக்கினோம். மறுபடி பவுடர் தூவி ஓடவிட்டோம். சரிவில் நிறுத்தினோம், பிரேக் போட்டுக் குலுக்கினோம். பவுடர் வெள்ளையாகவே இருந்தது.

வேலை அத்தோடு முடியவில்லை. டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை. மட்டமும் குறியைத் தாண்டி ஏறியிருந்தது. வெளியே சொட்டியது போக மிச்சம் தொண்டை வழியாக சிலிண்டருக்குள் இறங்கி, சுவரில் இருந்த ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. நீர்த்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங்கைத் தின்றுவிடும். ஆயில் முழுவதையும் வடித்துவிட்டுப் புதிது ஊற்றிய பிறகுதான் லாரி வாசலைத் தாண்டியது.

கிட் என்ற பெட்டிக்குள் வருவது பேக்கிங், நீடில், சீட், சில வாஷர்கள் போன்ற சிறு பாகங்கள்தான். ஃப்ளோட்டும் மூடியும் உங்களுடையவை, பழையவை. கிட் வாங்கும்போதே ஒரு ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் வாங்கிவிடுங்கள். மூடியை அளக்காமல் பேக்கிங் வைக்காதீர்கள், ஃப்ளோட்டை வெந்நீரில் அமுக்கிப் பார்க்காமல் மாட்டாதீர்கள். ஒழுகும் வண்டியை, பக்கத்துத் தெருவரைதானே என்று ஒருபோதும் எடுக்காதீர்கள்.

அடுத்த வாரம்: பெட்ரோல் டேங்கின் அடியில் தங்கிய துருவும் தண்ணீரும்.